சால்மன் மீனும் பாக்டீரியாவும்: வாசகர் கேள்விகளும் அக்காவின் பதில்களும்

கேள்வி: அக்கா, நான் ஒஸ்லோவில இருக்கிறன், இப்ப எனக்கு அஞ்சு மாதம். வேலையிடத்தில மத்தியானம் பாணோட புகையூட்டின சால்மன்தான் அடிக்கடி வைப்பினம். மிட்வைஃப் அதை இப்ப தொடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. கூண்டில வளர்க்கிற மீனுக்கு வருத்தம் கூட, அதாலதான் எண்டு அம்மா சொல்லுறா. உண்மையோ? (ஒரு வாசகி, ஒஸ்லோ)

பதில்: அம்மா சொன்னது பாதி சரி தங்கச்சி. கூண்டு மீனுக்கு நோய் வருது, நல்லாவே வருது. ஆனா மிட்வைஃப் வேணாம்னு சொன்னது அதுக்காக இல்ல. மீனைப் புடிக்கிற கிருமி வேற, நம்மளைப் புடிக்கிற கிருமி வேற. சால்மன் இருக்குறது 8, 10, 12 டிகிரி கடல் தண்ணில, அது உடம்பும் அதே குளிர்தான், அதனால அந்தக் குளிருக்குப் பழகின பாக்டீரியாதான் அதுல பெருகும். ஃபுருங்குலோசிஸ்ங்கற கட்டி நோயைக் கொடுக்குற ஏரோமோனஸ் சால்மோனிசிடா ஒண்ணு, குளிர்காலத்துல தோல்ல புண்ணு போடுற மோரிடெல்லா விஸ்கோசா இன்னொண்ணு. நம்ம உடம்போட 37 டிகிரில இதெல்லாம் பெரும்பாலும் வளரவே வளராது. அதுக்காக நோயாளி மீனைத் தட்டுல போடுறாங்கன்னு நினைக்காதீங்க, கூண்டுல தானா செத்த மீனை மனுஷங்க சாப்பாட்டுக்கு எடுக்கக்கூடாது, புண்ணு வந்த மீனை நார்வேலேயே வெட்டிச் சரிபண்ணாம வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு.

உங்களுக்கு ஆபத்து லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ்ங்கற பாக்டீரியாதான். அது மண்ணு, ஆத்துத்தண்ணி, சாக்கடைன்னு எங்கேயும் இருக்கும், ஆனா சால்மனுக்குள்ள அது நுழையுற முக்கியமான இடம் ஃபேக்டரி. தோலுரிக்கிற மெஷின், ஸ்லைஸ் போடுற மெஷின், கன்வேயர் பெல்ட்டோட இடுக்கு, தரையில இருக்குற டிரெயின், இங்கெல்லாம் பிசுபிசுன்னு ஒரு படலம் மாதிரி ஒட்டிக்கிட்டு வருஷக்கணக்கா உக்காந்திருக்கும், ராத்திரி கழுவுற சோப்புத் தண்ணிக்கெல்லாம் அசையாது, மறுநாள் மெஷின்ல போற ஒவ்வொரு துண்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். அப்புறம் புகை போட்டாச்சே, செத்திருக்குமேன்னு தோணும் இல்லையா? குளிர்ப்புகைன்னு சொல்றது 30 டிகிரிக்குக் கீழதான், அதுல லிஸ்டீரியா சாகாது. உப்புக்கும் பெருசா பயப்படாது. காத்து இல்லாத வேக்குவம் பாக்கெட்லயும் வளரும், ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரிலயும் மெதுவா வளரும், மத்த பல கிருமி குளிர்ல அடங்கிக் கிடக்குறப்போ இது மூணு நாலு வாரம் நிம்மதியா பெருகிட்டு இருக்கும். மோந்து பாத்தா ஒரு வாசனையும் வராது, மீன் பளபளன்னு ஆரஞ்சு கலர்ல அப்படியே இருக்கும்.

சும்மா பயமுறுத்தல. 2015ல இருந்து 2018க்குள்ள டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ்ல 12 பேருக்கு ஒரே ரக லிஸ்டீரியா வந்து 4 பேர் செத்தாங்க, கிருமியோட ஜீனோமை ஒப்பிட்டுத் தேடிக்கிட்டே போனா அது போலந்துல இருந்த ஒரு ஃபேக்டரியோட குளிர்ப்புகை சால்மன்ல போய் நின்னுச்சு. எண்ணிக்கை சின்னதுதான், ஆனா ரத்தத்துல ஏறுற லிஸ்டீரியா அஞ்சு பேர்ல ஒருத்தரையாவது கொல்லுற நோய். கர்ப்பிணிக்கு லேசா காய்ச்சல், உடம்புவலின்னு வந்துட்டுப் போயிடும், குழந்தைக்குத்தான் அடி, கரு கலையலாம், செத்துப் பிறக்கலாம். சாப்ட்டு ரெண்டு மாசம் கழிச்சுக்கூட வரும்ங்கறதால எதுல வந்துச்சுன்னே தெரியாம போயிடும். அதனால குழந்தை பிறக்குற வரைக்கும் குளிர்ப்புகை சால்மன், உப்பு சர்க்கரைல ஊறவச்ச பச்சை சால்மனான கிராவ்லாக்ஸ், அங்க நத்தார் சமயத்துல ஊறவச்சுத் தருவாங்களே ராக்ஃபிஸ்க், மூணும் வேணாம். சால்மனே வேணாம்னு அர்த்தம் இல்ல, நடுவுல 70 டிகிரி ஏறுற மாதிரி அவன்ல வச்சோ குழம்பு வச்சோ தாராளமா சாப்டுங்க, குழந்தைக்கு நல்லது. இதுக்கு நடுவுல காய்ச்சல் வந்தா பனடோல் போட்டுட்டுப் படுக்காம மிட்வைஃபுக்குப் போன் போட்டு சால்மன் சாப்ட்டதையும் சொல்லிடுங்க.

கேள்வி: டொராண்டோவுல கடைக்குப் போனா சிலி சால்மன் விலை கம்மி, நார்வே சால்மன் விலை கூட. சிலி மீன் முழுக்க ஆன்டிபயாட்டிக், தொடாதேங்கறான் பையன். விலைக்காகக் கட்டிவிடுற கதையா இது? (ஒரு வாசகர், டொராண்டோ)

பதில்: கதை இல்ல சார், பையன் கொஞ்சம் மிகைப்படுத்துறார் அவ்ளோதான். நார்வேயும் ஒருகாலத்துல இதே நிலைமைலதான் இருந்துச்சு. 1980கள்ல ஹிட்ரா தீவுப் பக்கம் குளிர்கால விப்ரியோ நோய் பரவி மீன் கும்பலா செத்துச்சு, அப்புறம் 1985ல ஸ்காட்லாந்துல இருந்து வாங்கின குஞ்சுகளோட ஃபுருங்குலோசிஸும் வந்து சேந்துச்சு. 1987ல மட்டும் சுமார் 50 டன் ஆன்டிபயாட்டிக் தீவனத்துல கலந்து போட்டாங்க, அப்போ மொத்த உற்பத்தியே இப்போதையதுல ஒரு துளி. அப்புறம் எண்ணெய் கலந்த தடுப்பூசி வந்துச்சு. கடலுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குஞ்சையும், ஆமா ஒவ்வொண்ணையும், மயக்கிப் படுக்கவச்சு வயித்துல ஊசி போடுறாங்க, ஒரே ஊசில அஞ்சாறு நோய்க்கு. கோடிக்கணக்கான மீனுக்கு ஊசியான்னு எனக்கும் நம்பமுடியலதான், இப்போ பெரும்பாலும் மெஷினே போட்டுடுது. இன்னைக்கு வருஷம் 15 லட்சம் டன் சால்மன் எடுக்குற நாட்டுல ஆன்டிபயாட்டிக் 1 டன்னுக்கும் கீழ.

சிலில அந்த ஊசி பலிக்கல. அங்க வில்லன் பிஸ்கிரிக்கெட்சியா சால்மோனிஸ்ங்கற பாக்டீரியா, 1989லதான் அதை யாருன்னு கண்டுபிடிச்சாங்க. அது மீனோட செல்லுக்குள்ளயே, அதுவும் கிருமியைத் தின்னவேண்டிய வெள்ளை அணுவுக்குள்ளயே குடியிருக்கும், தடுப்பூசியால உருவாகுற ஆன்டிபாடி செல்லுக்கு வெளியில நின்னு என்ன பண்ணும்? அதனால ஃப்ளோர்ஃபெனிகால்ங்கற ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம்தான் வழி, மொத்த ஆன்டிபயாட்டிக் 2014 பக்கம் வருஷத்துக்கு 500 டன்னைத் தாண்டி இப்போ குறைஞ்சும் 300 டன்னுக்கு மேல நிக்குது. காஸ்ட்கோங்கற பெரிய சூப்பர்மார்க்கெட் 2015ல சிலி மீனைக் குறைச்சு நார்வே பக்கம் திரும்பினதும் இதனாலதான்.

ஆனா நீங்க வாங்குற துண்டுல மருந்து இருக்கான்னு கேட்டா, பெரும்பாலும் இருக்காது. மருந்து போட்டு இத்தனை நாள் கழிச்சுத்தான் அறுவடைன்னு விதி இருக்கு, தண்ணி எவ்ளோ குளிரா இருக்கோ அவ்ளோ கூடுதலா காத்திருக்கணும், இறக்குமதி பண்ற நாடும் சாம்பிள் எடுத்துப் பாக்கும். என் கவலை உங்க தட்டு இல்ல, அந்தக் கூண்டுக்கு அடியில இருக்குற சேறு. மீன் திங்காத தீவனமும் கழிவும் அங்க போய் விழுது, அங்க இருக்குற பாக்டீரியா மருந்துக்குப் பழகுது, பழகின ஜீனை மத்த பாக்டீரியாவுக்கும் கைமாத்தி விடுது. ஃப்ளோர்ஃபெனிகாலை எதிர்க்கிற ஒரு ஜீன் மனுஷங்களுக்குக் கொடுக்குற குளோராம்ஃபெனிகாலையும் சேத்து எதிர்க்கும். என்னைக் கேட்டா காசு கொஞ்சம் கூடக் கொடுக்க முடியும்னா நார்வே மீனே வாங்குவேன், முடியலன்னா சிலி மீனை நல்லா வேகவச்சு சாப்டுவேன், குற்ற உணர்ச்சியெல்லாம் வேணாம்.

கேள்வி: சிங்கப்பூர்ல சீனப் புத்தாண்டுக்கு ஆஃபீஸ்ல லோ ஹேய், அதான் எல்லாரும் சேந்து மீன் சாலட்டைத் தூக்கிப் போட்டுக் கலக்குற சடங்கு, பண்றப்போ பச்சை சால்மன்தான் போடுறாங்க. 2015ல பச்சை மீன் சாப்ட்டு நூத்துக்கணக்கான பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்களே, மறந்துட்டாங்களா? (ஒரு வாசகி, சிங்கப்பூர்)

பதில்: மறக்கல. அப்போ பிரச்சனை பண்ணது சாங், டோமான்ங்கற நன்னீர் மீன், கஞ்சிக் கடைல பச்சையா வெட்டிக் கொடுப்பாங்களே அது. குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ங்கற பாக்டீரியால ஒரு முரட்டு ரகம் அதுல இருந்துச்சு, அந்த வருஷ டிசம்பர்லயே கடைங்கள்ல நன்னீர் மீனைப் பச்சையா விக்கக்கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டுடுச்சு. கடல் கூண்டு சால்மனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

அதுக்காக சால்மன் சுத்தம்னும் ஆகிடாது, யார் கை, எந்த டப்பான்னு பாக்கணும். 2012ல நெதர்லாந்துல புகை சால்மன் சாப்ட்டு 1,100 பேருக்கு மேல சால்மோனெல்லா வந்துச்சு, விசாரிச்சா மீன் மேல தப்பே இல்ல, ஃபேக்டரில திரும்பத் திரும்ப உபயோகிச்ச தட்டுங்க கண்ணுக்குத் தெரியாத ஓட்டையோட இருந்திருக்கு, கழுவினாலும் கிருமி அந்த ஓட்டைக்குள்ள பத்திரமா இருந்திருக்கு. ஆஃபீஸ்ல தட்டு வந்து ஏசி ரூம்ல ரெண்டு மணி நேரம் பாஸோட பேச்சு முடியட்டும்னு காத்திருந்தா, நான் சால்மனை ஒதுக்கிட்டு முள்ளங்கி கேரட்டை மட்டும் தூக்கிப் போடுவேன். வயசானவங்க, கர்ப்பிணிங்க, கீமோ எடுக்குறவங்க எப்பவுமே ஒதுக்கிடறது நல்லது.

கேள்வி: சென்னைல ஆன்லைன்ல ஃப்ரோசன் சால்மன் வாங்குறேன், வேக்குவம் பேக். ஃப்ரீசர்ல ஒரு வாரம் வச்சுட்டா கிருமி எல்லாம் செத்துடும், அப்புறம் வீட்லயே சுஷி பண்ணலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான். சரியா அக்கா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: உங்க ஃப்ரெண்ட் புழுவையும் பாக்டீரியாவையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டார் தம்பி. மைனஸ் 20 டிகிரில சாகுறது அனிசாகிஸ் புழு, ஐரோப்பால அதுக்கு 24 மணி நேரம்னு விதி, அமெரிக்கால 7 நாள். உருண்டைத் தீவனத்துலயே வளந்த கூண்டு சால்மன்ல அந்தப் புழு ரொம்ப அரிது, அதனால அதுக்கு ஐரோப்பால விலக்கே கொடுத்திருக்காங்க. பாக்டீரியா உறைஞ்சா தூங்கும், அவ்ளோதான், கரைஞ்சதும் எழுந்துடும். நம்ம ஊர் கரண்ட் கட்டுக்கு, டெலிவரி பையன் வெயில்ல சுத்துறதுக்கு, எத்தனை தடவை எழுந்து தூங்குச்சோ. சுஷி ஆசையை விட்டுட்டு மிளகாய்த்தூள் போட்டு வறுங்க.

இன்னொண்ணு, பாக்கெட்டைப் பிரிக்காம அப்படியே கரைய விடாதீங்க. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அதுல மீன்ல வர ஈ ரகம் காத்தே இல்லாத இடத்துல, 3 டிகிரிக்குக் கொஞ்சம் மேல இருந்தாலே வளந்து விஷம் கக்கும். உறைஞ்சிருக்கும்போதே கவரைக் கிழிச்சு, ஒரு தட்டுல வச்சு மூடி, ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல ராத்திரி வச்சுட்டு காலைல சமைச்சிடுங்க. சிங்க்ல வெந்நி ஊத்திக் கரைக்கிற வேலை வேணாம்.