லிட் லைப்ரரியில் டெகரேட்டர் போட்டும் திரை புதுப்பிக்கப்படவில்லையே, டெகரேட்டரையே கைவிட்டுவிடலாமா?

கைவிட வேண்டியதில்லை. லிட் என்பது வலைத் திரைகளைக் கம்போனென்ட் எனும் தனித்தனிப் பாகங்களாக எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி; டெகரேட்டர் என்பது கிளாஸின் ஒரு பண்புக்கு முன்னால் @ குறியோடு எழுதி அதற்குக் கூடுதல் வேலை தரும் குறிப்பு. பண்புக்கு முன்னால் @ப்ராப்பர்ட்டி என்று முறையாக எழுதியிருப்பதாகவும், முதல் முறை திரையில் சரியான மதிப்பு வருவதாகவும், பிறகு எத்தனை முறை மாற்றினாலும் திரை அப்படியே நிற்பதாகவும், கன்சோலில் ஒரு பிழைச் செய்திகூட இல்லை என்றும் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். டைப்ஸ்கிரிப்டில் (வகைகளைச் சேர்த்து எழுதும் ஜாவாஸ்கிரிப்டில்) எழுதுகிறீர்கள் என்றும், அண்மையில் தொடங்கிய ப்ராஜெக்ட் என்பதால் அதன் டார்கெட், அதாவது நிரலை மாற்றித்தர வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பு, இஎஸ்2022 அல்லது அதற்குப் பிந்தையது என்றும் எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் கோளாறு லிட்டிலும் இல்லை, டெகரேட்டரிலும் இல்லை. டைப்ஸ்கிரிப்டின் அமைப்புகளை எழுதிவைக்கும் உங்கள் டிஎஸ்கான்ஃபிக் கோப்பில் இருக்கிறது.

@ப்ராப்பர்ட்டி என்ற டெகரேட்டர் உங்கள் கிளாஸின் ப்ரோட்டோடைப்பில் (அந்தக் கிளாஸின் எல்லா ஆப்ஜெக்டுகளுக்கும் பொதுவான இடம்) அந்தப் பண்பின் பெயரில், மதிப்பைப் படிக்கும்போது ஓடும் ஒரு கெட்டரையும் மதிப்பை இடும்போது ஓடும் ஒரு செட்டரையும் வைக்கிறது. மதிப்பை மாற்றும்போது அந்த செட்டர் ஓடி, பழையதும் புதியதும் வேறு வேறு என்று கண்டால், கம்போனென்டைப் புதுப்பிக்கச் சொல்லிக் குறித்துவைக்கிறது. மதிப்பு மாறினால் திரையையும் தானாக மாற்றும் லிட்டின் திறன் முழுவதும் அந்த செட்டரை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் இஎஸ்2022 கிளாஸ் ஃபீல்டுகளை மொழிக்குள் கொண்டுவந்தபோது, ஒரு ஃபீல்டுக்குத் தொடக்க மதிப்பு எழுதினால் அது கன்ஸ்ட்ரக்டரில் நடக்கும் சாதாரண மதிப்பிடல் ஆகாது, அந்த ஆப்ஜெக்டின் மீதே புதிதாக ஒரு பண்பை வரையறுப்பதாகும் என்று வகுத்துவிட்டது. அப்படி வரையறுக்கும்போது செட்டர் அழைக்கப்படுவதில்லை. ஆப்ஜெக்டிலேயே அந்தப் பெயரில் ஒரு பண்பு வந்துவிட்டால், ப்ரோட்டோடைப்பில் இருக்கும் செட்டரை அதற்குப் பிறகு யாரும் எட்டுவதில்லை. வாசலில் காவலுக்கு ஆளை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவைத்தது போலத்தான் இது. முதல் முறை திரையை வரையும்போது ஆப்ஜெக்டில் இருக்கும் மதிப்பே படிக்கப்படுவதால் எல்லாம் சரியாகத் தெரியும். அதற்குப் பிறகு மதிப்பு மாறுவது மட்டும் லிட்டுக்குத் தெரியாமலே போய்விடும்.

இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதக் காரணம் இருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பில் போடும் மென்பொருளின் திரைகளெல்லாம் லிட்டில் எழுதப்பட்டிருந்தன. பில்டு அமைப்பைப் புதுப்பித்தவர்கள் டார்கெட்டை இஎஸ்2022க்கு உயர்த்திய பிறகு, பில்லின் ஒரு வரியில் அளவைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் எண்ணும் மாறவில்லை, தொகையும் மாறவில்லை. சோதனைக்காகக் கன்சோலில் அச்சிட்டுப் பார்த்தால் அளவு ஒன்றிலிருந்து இரண்டாக மாறியிருந்தது; திரையில் ஒன்று என்றே நின்றது. இதைக் கண்டு, இந்த லைப்ரரி நம்பத்தக்கதல்ல, எல்லாத் திரைகளையும் வேறு ஃபிரேம்வொர்க்கில் மறுபடி எழுதிவிடலாம் என்று கூட்டத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பல மாத உழைப்பில் பலர் சேர்ந்து கட்டிய கம்போனென்டுகளை, ஏன் ஓடவில்லை என்று ஒருவரும் பார்க்காமலே கழித்துக்கட்டத் தயாரானதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் செய்தது மிக எளிய சோதனை. உலாவியின் எலிமென்ட்ஸ் பகுதியில் அந்த பில் வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கன்சோலில் $0 என்று அதைப் பிடித்து, அளவு என்ற பண்பின் பெயரைக் கொடுத்து ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டி என்று கேட்டேன். ட்ரூ என்று வந்தது. ஒழுங்காக வேலை செய்யும் லிட் கம்போனென்டில் ஃபால்ஸ் என்றுதான் வர வேண்டும், ஏனென்றால் பண்பு இருக்க வேண்டிய இடம் ப்ரோட்டோடைப். டிஎஸ்கான்ஃபிக் கோப்பில் யூஸ்டிஃபைன்ஃபார்கிளாஸ்ஃபீல்ட்ஸ் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று எழுதி மறுபடி பில்டு செய்ததும் எல்லாத் திரைகளும் பழையபடி ஓடின. டார்கெட் இஎஸ்2022 அல்லது அதற்கு மேல் இருந்தால் டைப்ஸ்கிரிப்ட் அந்த அமைப்பைத் தானாகவே ட்ரூ என்று வைத்துக்கொள்கிறது; நிரலில் ஒரு வரியும் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது நின்றதற்கு அதுவே காரணம். உங்கள் கோப்பில் டெகரேட்டரை அனுமதிக்கும் எக்ஸ்பெரிமென்டல்டெகரேட்டர்ஸ் என்ற அமைப்பு ட்ரூ என்றும் யூஸ்டிஃபைன்ஃபார்கிளாஸ்ஃபீல்ட்ஸ் ஃபால்ஸ் என்றும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

ஒரு வரியில் தீரும் கோளாறு இப்படிச் சத்தமில்லாமல் வருமானால் அந்த லைப்ரரியை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் லிட்டுக்கு விளம்பரம் செய்ய வரவில்லை. ரியாக்ட்டில் பழகிய குழு அதிலேயே இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆனால் லிட் சத்தமில்லாமல் இருக்கிறது என்பது முழு உண்மை அல்ல. லிட்டின் டெவலப்மென்ட் பில்டு (எழுதிச் சோதிக்கும்போது பயன்படுத்தும் வடிவம்), இப்படிச் செட்டரை மறைக்கும் ஃபீல்டைக் கண்டால், எந்தப் பண்பு என்று பெயரையும் சொல்லிப் பிழை எழுப்பி நின்றுவிடும். ப்ரொடக்‌ஷன் பில்டில் அந்தச் சோதனை கிடையாது. பண்ட்லரிடம் (கோப்புகளை ஒன்றாகக் கட்டித்தரும் கருவி) டெவலப்மென்ட் என்ற எக்ஸ்போர்ட் நிபந்தனையைக் கேட்டு வாங்காவிட்டால் ப்ரொடக்‌ஷன் பில்டே வந்து சேரும். எங்கள் குழுவில் நடந்தது அதுதான். உங்களுக்கும் கன்சோல் வெறுமையாக இருப்பதைப் பார்த்தால் அதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான். வலையில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் பாதிக்கு மேல் கிளாஸை மட்டும் காட்டிவிட்டு, அது எந்த டிஎஸ்கான்ஃபிக்கோடு ஓடியது, லிட்டின் எந்தப் பதிப்பு என்பதைச் சொல்வதே இல்லை. டெகரேட்டரைப் பொறுத்தவரை அந்தத் தகவல் இல்லாத எடுத்துக்காட்டைப் புதிதாகக் கற்பவர் நகலெடுத்தால் அவருக்கு நேர்வது உங்களுக்கு நேர்ந்ததுதான்.

டெகரேட்டர் இன்னும் மொழியில் சேரவில்லை, ஆகவே ஆபத்து என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டைப்ஸ்கிரிப்டில் 2015 முதல் இருந்துவருவது பழைய முன்மொழிவின்படி அமைந்த டெகரேட்டர். டிஎஸ்கான்ஃபிக்கில் அந்த அமைப்பின் பெயரில் எக்ஸ்பெரிமென்டல் என்று இருப்பது அதனால்தான். புதிய முன்மொழிவு 2022 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரத்தை வகுக்கும் டிசி39 குழுவில் மூன்றாம் கட்டத்தை எட்டியது, 2023 மார்ச்சில் வந்த டைப்ஸ்கிரிப்ட் 5.0 அதை ஏற்றுக்கொண்டது, அதே ஆண்டு அக்டோபரில் வந்த லிட் 3 அதற்கும் ஆதரவு தந்தது. அந்த முறையில் எழுதுவதாக இருந்தால் @ப்ராப்பர்ட்டிக்கும் பண்பின் பெயருக்கும் நடுவில் அக்ஸெஸர் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அது கெட்டரையும் செட்டரையும் ப்ரோட்டோடைப்பிலேயே அமைத்துக்கொள்வதால் மறைப்புக்கே இடமில்லை. ஆனால் அதற்காக டைப்ஸ்கிரிப்ட் வெளியிடும் நிரல் அளவில் பெரிதாகிறது என்பதால், லிட்டின் ஆவணமே இப்போதைக்குப் பழைய முறையைப் பரிந்துரைக்கிறது. எந்த டெகரேட்டரும் வேண்டாம் என்றாலும் வழி உண்டு: ஸ்டாடிக் ப்ராப்பர்ட்டீஸ் என்று பண்புகளைப் பட்டியலிட்டு, தொடக்க மதிப்புகளைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் எழுதி, டைப்ஸ்கிரிப்டில் ஃபீல்டுகளை டிக்ளேர் என்று மட்டும் அறிவித்தால் போதும். பெரிய குழுவுக்கு இது எழுத்து வேலை அதிகம் என்பது என் கருத்து.

ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டி சோதனை ஃபால்ஸ் என்று சொல்லியும் திரை மாறவில்லை என்றால், நீங்கள் மாற்றுவது ஒரு அரேயின் உள்ளடக்கமாக இருக்கலாம். புஷ் செய்தால் அரே அதே அரேதான். பண்புக்குப் புதிதாக எதுவும் இடப்படாததால் செட்டர் ஓடவே வாய்ப்பில்லை. பழைய உறுப்புகளோடு புதியதையும் சேர்த்துப் புது அரேயாக இடுங்கள், அல்லது புஷ் செய்த கையோடு ரிக்வெஸ்ட்அப்டேட்டை அழையுங்கள். நான் முதல் வழியையே பயன்படுத்துகிறேன், ஏனென்றால் அந்த அரேயைப் பெறும் உள் கம்போனென்டுகளும் அப்போதுதான் மாற்றத்தை உணரும். அப்படியும் சரியாகாவிட்டால் டிஎஸ்கான்ஃபிக் கோப்பையும் மதிப்பை மாற்றும் வரியையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.