தொடக்கநிலை ஐ.டி. சான்றிதழ்கள் சென்னையில் வேலைக்கு உதவுமா?

பி.எஸ்சி. முடித்துவிட்டு, புதிதாக வந்திருக்கும் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் கட்டாதீர்கள்.

ஐ.டி. சான்றிதழ்த் தேர்வுகளை நடத்தும் காம்ப்டியா அமைப்பின் டெக் பிளஸ் சான்றிதழ் 2024-இல் வந்தது. இந்தத் துறை ஒத்துவருமா என்று எட்டிப் பார்ப்பவர்களுக்கானது அது. கணினி அறிவியல் பட்டதாரிக்கு, என்னைக் கேட்டால், வீண் செலவு. அதே அமைப்பின் ஏ பிளஸ் வேறு ரகம். இரண்டு தேர்வுகள், மூன்றாண்டு செல்லுபடி. பழைய மாமல்லபுரம் சாலை நிறுவனங்களில் ஹெல்ப்டெஸ்க் (பயனர்களின் கணினிச் சிக்கல்களைத் தீர்க்கும்) வேலை தேடுகிறவர், தேர்வு எழுதாவிட்டாலும் அதன் பாடத்தைப் படிக்கலாம். "கேபிள் சரியாக இருக்கிறது, ஆனால் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்குகிறது, ஏன்?" என்று நேர்காணலில் கேட்டால், வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் அடையாள எண்ணான ஐ.பி. முகவரியைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து முகவரி வரவில்லை என்று சொல்லத் தெரிய வேண்டும். வினா விடையை மட்டும் மனப்பாடம் செய்து தேறியவர்கள் இங்கேதான் திருதிருவென விழிப்பார்கள்.

சைபர் பாதுகாப்புத் துறைக்குச் சான்றிதழ் தரும் ஐ.எஸ்.சி.2 அமைப்பு 2022-இல் கொண்டுவந்த தொடக்கநிலை சைபர் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் 50 டாலர் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதையும் கணக்கில் வையுங்கள். வேளச்சேரியிலோ தி.நகரிலோ ஒரு பயிற்சி மையம் "வேலை உறுதி" என்றால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பேச்சின் சுருதி உடனே இறங்கும்.