மாடித் தக்காளி முதல் கோடை நெல் வரை: வெயில் பற்றிய கேள்விகள்

கேள்வி (மதுரை): அக்கா, மே மாதம் தக்காளிப் பூவெல்லாம் கொட்டுகிறது. ஒரு காய்கூட இல்லை. என்ன உரம் போடலாம்?

உரம் வேண்டாம். உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவே முட்டி மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். சரியாக அந்த இடத்தில் கழன்றிருக்கும். நல்ல மகரந்தம் சேராமல் போனதால் செடியே கழற்றிவிட்ட பூ அது. இலையும் தண்டும் தாங்குகிற சூட்டை மகரந்தம் தாங்காது. பகல் 32 டிகிரியைத் தாண்டி, இரவும் 21 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் ஒழுங்காக உருவாவதில்லை. பூ விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மொட்டுக்குள்ளேயே கெட்டுவிடும். அதனால் இன்று நிழல்வலை கட்டி நாளைக்கே காயை எதிர்பார்க்காதீர்கள். மாலையில் தளத்தைத் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள். பகலில் வாங்கிய சூட்டை கான்கிரீட் இரவெல்லாம் தொட்டிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதைவிட நல்லது, மார்கழி, தையில் பூக்கிற மாதிரி விதைப்பது. கோடைக்கு வெண்டையும் கொத்தவரையும் போதும்.

கேள்வி: செடிக்கு நரம்பு கிடையாதே, சூடு எப்படித் தெரியும்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. செல்லின் சவ்வில் கொழுப்பு நிறைய உண்டு. நெய் மாதிரிதான், குளிரில் இறுகும், சூட்டில் இளகும். சவ்வு இளகினால் கால்சியம் உள்ளே பாயும். அதுவே முதல் செய்தி. இன்னொன்று, பைட்டோகுரோம் பி என்ற புரதம். சிவப்பு ஒளி பட்டால் வேலை செய்யும் நிலைக்கு வரும், இருட்டில் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். இரவு வெக்கையாக இருந்தால் சீக்கிரமே திரும்பிவிடும். கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அராபிடாப்சிஸில் 2016இல் இதைக் கண்டார்கள். ஒளியை அறியும் அதே புரதம் இரவில் வெப்பமானியாகவும் இருக்கிறது! அது ஓய்ந்ததும் தண்டும் இலைக்காம்பும் நீள்கின்றன, இலைகள் மேலே தூக்கிக்கொள்கின்றன, இடையில் காற்று புகுந்து செடி குளிர்கிறது.

கேள்வி: வாழைப்பழம் ஃப்ரிட்ஜில் கறுப்பது ஏன்?

அதே சவ்வுதான். சுமார் 13 டிகிரிக்குக் கீழே வாழைத்தோலின் சவ்வுகள் சேதமாகிக் கசியும், தோல் கறுக்கும். பழுத்த பழமென்றால் தாராளமாகச் சாப்பிடலாம்.

கேள்வி (சேலம்): நர்சரியில் வாங்கிய நாற்றை மாடியில் வைத்தேன், மறுநாளே கருகிவிட்டது.

எனக்கும் ஒருமுறை இருபது கத்தரி நாற்று இப்படிப் போனது. முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது குழம்பிக் கட்டியாவது போல, அதிக சூட்டில் செல்லின் புரதங்கள் குலைந்துவிடும். குலையாமல் பிடித்துக்கொள்ள வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. மிதமான சூடு பட்டபிறகுதான் செடி அவற்றை நிறையச் செய்துகொள்ளும். வலைக்குள் வளர்ந்த நாற்றுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. முதல் இரண்டு நாள் காலை வெயில் மட்டும். அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள்.

கேள்வி (தஞ்சை): கோடை நெல்லில் பதர் அதிகம். வெயில்தானா?

பூக்கும் நாட்களில் 35 டிகிரியைத் தாண்டினால் பதர் விழும். நெல் முற்பகலில்தான் பூ விரிக்கும்; அந்த ஒன்றிரண்டு மணி நேரச் சூடுதான் முக்கியம். வடஇந்திய ரகமான நாகினா 22 இதைத் தாங்குவதால் ஆராய்ச்சியாளர்கள் அதை விடாமல் பயன்படுத்துகிறார்கள். இரவுச் சூட்டையும் சேர்த்துக் கவனியுங்கள். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களில், வறண்ட பருவத்தின் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைவதாக 2004இல் வெளியிட்டார்கள். அடுத்த முறை நடவுத் தேதியைக் குறித்துவைத்து, கதிர் வரும் வாரம் எப்போது விழுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு நாற்றங்கால் போடுங்கள்.