பழத்தை முகர்ந்து பார்க்க ஓர் அருங்காட்சியகம்
வாசகர் கேள்வி – பதில்

ஹங்கேரி நாட்டுப் பழச்சாராயமான பாலிங்காவைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டுச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

எங்கள் மகள் புடாபெஸ்டில் வேலை பார்க்கிறாள். வரும் ஜூலையில் நானும் என் கணவரும் அங்கே போகிறோம். கிராய் தெருவில் உள்ள பாலிங்கா அருங்காட்சியகத்துக்கு, கடைசியில் சுவைத்துப் பார்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்து, மூவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாள். என் கணவர் எப்போதாவது குடிப்பவர். நான் தொட்டதே இல்லை. அங்கே எனக்கு என்ன இருக்கிறது?
– அடையாறு வாசகி

உங்களுக்குத்தான் அங்கே அதிகம் இருக்கிறது என்று சொன்னால் உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. பழத்தை மசித்து, அதிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட்டைக் கொண்டு புளிக்கவைத்து, அந்தக் கூழைச் செம்புக் கொதிகலனில் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்துச் சேகரிக்கும்போது, பழத்தின் இனிப்பும் நிறமும் கொதிகலனிலேயே தங்கிவிடுகின்றன. ஆல்கஹாலும், ஆவியாகக்கூடிய மணப்பொருள்களும், கொஞ்சம் நீரும் மட்டுமே மேலேறி வருகின்றன. ஆகவே குவளையில் உங்கள் முன் வைக்கப்படுவது தண்ணீர்போலத் தெளிந்த, இனிப்பே இல்லாத ஒரு திரவம். அது ஆப்ரிகாட்டா, பிளம்ஸா, பேரிக்காயா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். குடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அது பார்வையாளரே தொட்டு இயக்கிப் பார்க்கும் ஊடாடும் அருங்காட்சியகம். அப்படி என்றவுடன் தொடுதிரைகளின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பதில் பாதி நேரத்தைச் செலவிட்டுவிடுகிறவர்கள் உண்டு. திரையில் உள்ள வரலாற்றை வீட்டிலிருந்தும் படித்துக்கொள்ளலாம் என்பதால், அதற்கு அளவாக நேரம் கொடுத்துவிட்டு, வடிகலன் எப்படி வேலை செய்கிறது என்பதை நடத்திக் காட்டுபவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும், சுவைக்கும் மேசையில் அவசரப்படாமல் உட்கார்ந்திருப்பதும்தான் பயன் தரும் என்பது என் கருத்து. கொதிகலன் ஏன் செம்பில் செய்யப்படுகிறது, கொட்டையுள்ள பழங்களில் கொட்டையை எப்போது நீக்குகிறார்கள், வடியும் சாராயத்தில் எந்தப் பகுதியை ஒதுக்குகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையாவது கேளுங்கள். செம்பு, நொதித்த கூழில் உருவாகும் கந்தகச் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் எஃகு மலிவாகக் கிடைக்கும் இந்தக் காலத்திலும் செம்பை விடாமல் இருக்கிறார்கள்.

முகர்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. குவளை நடுவில் பருத்து வாயருகே குறுகியிருக்கும்; மணம் அந்த வாயில்தான் கூடி நிற்கும். மூக்கைக் குவளைக்குள் நுழைத்து ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் சுரீர் என்று ஏறுமே தவிரப் பழம் தெரியாது. குவளையை முகத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக மூச்சை இழுக்க வேண்டும். பாலிங்காவை ஐஸ் போட்டோ ஃபிரிட்ஜில் வைத்தோ கொடுப்பதில்லை. 18 முதல் 20 டிகிரி வரையுள்ள அறைக்குளிர்ச்சியில்தான் மணம் எழும். இதைவிடவும் உங்களுக்கு ஏற்ற சோதனை ஒன்று உண்டு. இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு நன்றாகத் தேய்த்துவிட்டு, ஆல்கஹால் பறந்துபோகும் வரை பொறுத்திருந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பழத்தில் செய்ததாக இருந்தால் பழத்தின் மணம் மட்டும் கையில் நிற்கும். குடித்து முடித்த குவளை காய்ந்த பிறகு அதை முகர்ந்து தரம் சொல்லும் வழக்கமும் அங்கே உண்டு. அன்றைக்கு மட்டும் சென்ட்டும், மதியச் சாப்பாட்டில் பூண்டு ஊறுகாயும், வாயில் பாக்கும் வேண்டாம்.

நீங்கள் ஜூலையில் போவது நல்லதாயிற்று. ஹங்கேரியில் ஆப்ரிகாட் பழுக்கும் மாதம் அது. புளிப்புச் செர்ரியும் சந்தையில் இருக்கும். அருங்காட்சியகத்துக்குப் போகிற அன்று காலையில், 1897-இல் திறக்கப்பட்டு இன்றும் நடந்துவரும் பெரிய சந்தைக் கட்டடத்துக்குப் போய், பழுத்த ஆப்ரிகாட்டைக் கையில் எடுத்து முகர்ந்துவிட்டு வாருங்கள். நம் ஊரில் உலர்ந்த ஆப்ரிகாட்டை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, குவளையில் இருக்கும் மணம் எதனுடையது என்று பிடிபடாமல் போவதற்குக் காரணம் பழத்தையே அறியாததுதான். பேரிக்காயும் பிளம்ஸும் நமக்குக் கொடைக்கானலிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் பழக்கமானவை என்பதால் அவை உடனே தெரிந்துவிடும்.

சுவைப்பதற்குத் தருவது விரலளவுக் குவளையில்தானே? நான்கு வகை சுவைத்துவிட்டு வாடகைக் காரை ஓட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாமா?
– தாம்பரம் வாசகர்

கூடாது. ஹங்கேரியில் வண்டி ஓட்டுபவரின் உடலில் ஆல்கஹால் சிறிதும் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

குவளை சிறியது என்பதும் ஏமாற்றும் தோற்றம்தான். ஒரு குவளையில் 20 மில்லி, 40 சதவீத ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால், நான்கு குவளைகளில் ஏறத்தாழ 25 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. நம் கடைகளில் விற்கும் 42.8 சதவீதச் சரக்கில் ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, சுமார் 20 கிராம்தான். ஆக, விரலளவு விரலளவாக நீங்கள் ஒரு லார்ஜைத் தாண்டிவிடுகிறீர்கள். அது உடலை விட்டு நீங்க மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அளவுக்குள் குடித்தால் தீங்கில்லை என்ற பழைய நம்பிக்கையை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே மறுத்து, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று அறிவித்திருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் சுவைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். தொழில்முறையில் சுவைப்பவர்கள் வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். நீங்களும் துப்பலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் வாயின் உள்தோலும் சிறிது உறிஞ்சும் என்பதால், துப்பினாலும் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அங்கே கிராமத்தில் வீட்டுக்கு வீடு சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கள்ளக்குறிச்சியில் நடந்ததைப் பார்த்த பிறகு, இதையெல்லாம் அருங்காட்சியகம் வைத்துப் பெருமைப்படுத்துவது எனக்கு விளங்கவில்லை. அங்கே மெத்தனால் கிடையாதா?
– கொளத்தூர் வாசகர்

உண்டு. பழத்தைப் புளிக்கவைக்கும் எந்த இடத்திலும் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் உருவாகவே செய்யும். பழத்தின் சதையைக் கெட்டியாக வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளைப் பழத்திலேயே உள்ள நொதி சிதைக்கும்போது அது வெளிப்படுகிறது. கேள்வி, எவ்வளவு என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பழச்சாராயத்தில் பொதுவாக ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 10 கிராமுக்கு மேல் மெத்தனால் இருக்கக் கூடாது; பெக்டின் மிகுந்த பிளம்ஸ், ஆப்ரிகாட் போன்றவற்றுக்கு 12 கிராம் வரை சலுகை உண்டு. 40 சதவீதச் சாராயத்தில் 20 மில்லியைக் கணக்கிட்டால் அது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. கூடவே இருக்கும் எத்தனால், அதாவது குடிப்பதற்கான ஆல்கஹால், அதைவிடப் பல மடங்கு அதிகம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த மெத்தனால் பழத்திலிருந்தோ வெல்லத்திலிருந்தோ ஊறி வந்தது அன்று. ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது சாராயத்தில் கலக்கப்பட்டிருந்தது. கல்லீரல், ஒரு நொதியின் உதவியால், மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கண் நரம்பைக் கெடுத்து உயிரையும் எடுப்பது அந்த அமிலம். அதே நொதிக்காக எத்தனாலும் போட்டியிடுவதால்தான், மருத்துவமனையில் ஃபோமெபிசோல் என்ற மருந்து கைவசம் இல்லாதபோது கணக்கிட்ட அளவில் எத்தனாலையே மாற்று மருந்தாக ஏற்றுகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு வைத்தியத்தில் இறங்க வேண்டாம். பார்வை மங்கினால் ஆம்புலன்ஸை அழைப்பது ஒன்றே வழி.

வடிக்கும்போது முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் சொல்வதைக் கேட்டால், பாதியை மட்டும் நம்புங்கள். மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிக்கின்றன என்பது உண்மை; ஆனால் நீரோடு கலந்திருக்கும்போது மெத்தனால் அப்படி வரிசையில் நின்று முதலில் வெளியேறுவதில்லை, தொடக்கம் முதல் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கிறது. முதல் பகுதியை ஒதுக்குவது, நெயில் பாலிஷ் ரிமூவர் நெடியடிக்கும் எத்தில் அசிட்டேட்டையும் அசிட்டால்டிஹைடையும் நீக்குவதற்காக. கடைசிப் பகுதியை ஒதுக்குவது ஃபியூசல் எண்ணெய்கள் எனப்படும், நெடி தரும் கனமான ஆல்கஹால்களுக்காக. நடுவில் வருவதுதான் பாட்டிலுக்குப் போகிறது.

பெருமைப்படுத்துவது பற்றிய உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. அந்த நாட்டிலும் இது சண்டையில்லாமல் முடிந்த விவகாரம் இல்லை. 2010-இல் ஹங்கேரி அரசு, ஒரு குடும்பம் ஆண்டுக்கு 50 லிட்டர் வரை தன் வீட்டில் வரியின்றிக் காய்ச்சிக்கொள்ள அனுமதித்தது. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச்சட்டத்துக்கு முரணானது என்று 2014 ஏப்ரலில் லக்ஸம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் விதிகளும் மாறின. அருங்காட்சியகத்தில் நீங்கள் சுவைப்பது வீட்டுச் சரக்கு இல்லை, சோதிக்கப்பட்டு வரிமுத்திரை ஒட்டிய பாட்டில். கிராமத்தில் யாராவது அன்போடு முத்திரையில்லாத பாட்டிலைத் திறந்தால், கைகூப்பி மறுத்துவிடுவதே என் யோசனை.

பழத்தில் செய்வது பிராந்திதானே? இங்கேயே கடையில் கிடைப்பதற்கு எதற்கு அவ்வளவு தூரம்?
– அண்ணா நகர் வாசகர்

இங்கே பிராந்தி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகைப் புளிக்கவைத்து, மணமே இல்லாத அளவுக்குச் சுத்திகரித்து வடித்த ஆல்கஹாலில் நிறமும் மணமும் சேர்த்துச் செய்யப்படுவது. சில வகைகளில் திராட்சைச் சாராயம் ஓரளவு கலக்கப்படுகிறது. பாலிங்காவில் அதற்கு இடமே இல்லை. ஹங்கேரியில் விளைந்த பழத்தை மட்டும் கொண்டு, அங்கேயே மசித்து, வடித்து, பாட்டிலில் அடைத்திருக்க வேண்டும்; குறைந்தது 37.5 சதவீத ஆல்கஹால் இருக்க வேண்டும். சர்க்கரையோ நிறமோ செயற்கை மணமோ சேர்க்கக் கூடாது. ஆஸ்திரியாவின் நான்கு மாகாணங்களில் ஆப்ரிகாட்டிலிருந்து வடிப்பதற்கு மட்டும் அந்தப் பெயரில் பங்கு உண்டு. கெச்கெமெட் ஊரின் ஆப்ரிகாட், சத்மார் வட்டாரத்தின் பிளம்ஸ், சபோல்ச் வட்டாரத்தின் ஆப்பிள் ஆகியவற்றில் செய்தவை, நம் மதுரை மல்லியைப்போலத் தனித்தனியே ஊர்ப்பெயருக்கான பாதுகாப்பும் பெற்றவை. ஒரு லிட்டருக்குப் பத்துக் கிலோ அளவில் பழம் செலவாகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். சுற்றுலாக் கடைகளில் பழப்படம் போட்ட பாட்டில்கள் நிறைய இருக்கும். அவற்றில் பாலிங்கா என்ற சொல் இல்லாதவை நறுமணமூட்டிய சாராயமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஐரோப்பாவுக்குப் போக என்னிடம் பணம் இல்லை. இந்தியாவில் இப்படி ஒன்று உண்டா? நான் வேதியியல் முதுகலை மாணவன்; வயது 22.
– வேளச்சேரி வாசகர்

கோவாவுக்குப் போய் வாருங்கள். அங்குள்ள கண்டோலிம் என்ற ஊரில், கோவாவின் நாட்டுச் சாராயமான ஃபெனிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2021-இல் திறக்கப்பட்டது. பழைய கண்ணாடிக் குடுவைகளும் அளவைகளும் வடிகலன்களும் அங்கே இருக்கின்றன. ஆனால் வேதியியல் மாணவருக்கு அதைவிட நல்லது, மார்ச் முதல் மே வரையுள்ள பருவத்தில், கிராமத்தில் ஃபெனி காய்ச்சும் இடத்தை அனுமதி கேட்டுப் பார்ப்பது. முந்திரிப்பழத்தைப் பாறையில் குடைந்த தொட்டியில் போட்டுக் காலால் மிதித்துச் சாறெடுத்து, புளிக்கவைத்து, இரண்டு முறை காய்ச்சுகிறார்கள். முதல் வடிப்பில் வருவது ஊராக். ஏறத்தாழ 15 சதவீதம். இரண்டாவது வடிப்பில் வருவது ஃபெனி, நாற்பதைத் தாண்டும். மிதித்த சக்கையின் மேல் கல்லை ஏற்றி வைக்கும்போது தானாகச் சொட்டும் நீரோ என்ற சாறு புளிக்காதது. குடிக்காதவரும் அன்றைக்கே குடிக்கலாம். முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு 2009-இல் கிடைத்தது. தென்னங்கள்ளில் வடிக்கும் ஃபெனியும் அங்கே உண்டு. அதைப் பழச்சாராயத்தில் சேர்க்க முடியாது.

போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த அதே மரம்தான் பண்ருட்டியிலும் நிற்கிறது. அங்கே கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். உப்புத் தொட்டுத் தின்ற சிறுவர்களுக்குத் தொண்டை கரகரத்ததுதான் மிச்சம். அந்தக் கரகரப்புக்குக் காரணமான டானினைக் குறைத்துப் பழரசமாக விற்க முடியுமா என்பது, உங்களைப் போன்றவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தக்க விஷயம்.

ஒரு பாட்டில் வாங்கி வரலாமா? சென்னை விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்களா?
– நங்கநல்லூர் வாசகர்

வெளிநாட்டிலிருந்து வரும் வயது வந்த பயணி இரண்டு லிட்டர் வரை சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம். புடாபெஸ்டிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லாததால் இடையில் ஓரிடத்தில் மாற வேண்டும். அங்கே மறுபடியும் பாதுகாப்புச் சோதனை நடந்தால் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் நிற்காது. ஆகவே ஊரில் வாங்கிய பாட்டிலைத் துணிகளுக்கு நடுவில் சுற்றிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். ஆல்கஹால் 70 சதவீதத்தைத் தாண்டினால் பெட்டியிலும் அனுமதி கிடையாது; கடையில் விற்கும் பாலிங்கா பெரும்பாலும் 40 முதல் 50-க்குள் இருக்கும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த வீட்டுச் சரக்கு எந்த விமானத்திலும் ஏறாது. கடை முத்திரை உடையாமல் இருக்க வேண்டும், பில்லும் கையில் இருக்க வேண்டும்.