தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: கோடை விழாவுக்காக மே மாதம் ஏற்காடு சென்றபோது, மொட்டும் மலருமாக இருந்த ஜெரேனியம், பிகோனியா தொட்டிகளை வாங்கி வந்தோம். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் ஒரு வாரத்துக்குள் மொட்டுகள் மலராமலேயே உதிர்ந்துவிட்டன. எங்கள் பராமரிப்பில் என்ன குறை?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: குறையெல்லாம் உங்களுடையது என்று வருந்த வேண்டாம். பூந்தொட்டிச் செடி வீட்டில் எத்தனை நாள் நிற்கும் என்பதில் பெரும்பகுதி, அது வளர்ந்த இடத்திலும் வந்த வழியிலுமே முடிவாகிவிடுகிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; சேலம் நகரமோ 300 மீட்டரைக்கூட எட்டாது. குளிர்ந்த இரவுகளில் வளர்ந்த மலைச்செடி, பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் சிக்கனமாகவே செலவிடும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் செடியின் சுவாசம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பதால், சேலத்துக் கோடை இரவில் அந்தச் சேமிப்பு விரைவில் கரைந்துவிடும். வெளிச்சம் குறைந்த கூடத்தில் வைத்திருந்தால் புதிய வரவும் இல்லை. அந்நிலையில் செடி முதலில் கைவிடுவது மொட்டுகளைத்தான்.

ஆனால் இத்தனை விரைவில் கொட்டிவிட்டன என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு இன்னொரு ஐயமும் எழுகிறது. உதிர்ந்த மொட்டுகள் வாடிச் சுருங்காமல், காம்பின் கணுவில் கத்தரித்தது போல் பச்சையாகவே கழன்றிருந்தனவா? அப்படியானால் எத்திலீன் வாயுவைச் சந்தேகிக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் மல்கோவாவும் குண்டு மாம்பழமும் பழுக்கும் மாதம் அது. பழங்கள் பழுக்கும்போது வெளியிடும் இந்த வாயு, காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஜெரேனியத்தின் இதழ்களும் பிகோனியாவின் மொட்டுகளும் உதிரத் தொடங்கும். வாகனப் புகையிலும் அது உண்டு. வாங்கிய பழங்களோடு தொட்டிகளையும் காரின் பின்பெட்டியில் அடைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருந்தால், இருட்டும் வெப்பமும் வாயுவும் சேர்ந்து வீடு சேருமுன்பே பாதிச் சேதத்தைச் செய்திருக்கும்.

அடுத்த முறை தொட்டிகளை இருக்கைப் பக்கம், காற்றோட்டமாக, வெயில் நேரே படாமல் கொண்டு வாருங்கள். மாம்பழம் இருக்கும் அறையிலும் சமையலறையிலும் வைக்காமல், காலை வெயில் மட்டும் விழும் கிழக்குத் திண்ணையில் வையுங்கள். வந்த கையோடு தொட்டி மாற்றவோ உரமிடவோ வேண்டாம். வாடிய பூக்களும் எத்திலீனை வெளியிடும் என்பதால் அவற்றை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். எல்லாவற்றையும்விட, இவ்விரு செடிகளையும் கார்த்திகை, மார்கழியில் வாங்குவதே சேலத்துக்கு ஏற்றது.

கேள்வி: மொட்டாக இருக்கும் செடியை வாங்கினால் நீண்ட நாள் பூக்குமா?
– வாசகர், ஆத்தூர்.

பதில்: இறுகிய பச்சை மொட்டுகள் வீட்டுக்குள் கிடைக்கும் வெளிச்சத்தில் பெரும்பாலும் மலர்வதில்லை. சில பூக்கள் விரிந்து, மற்ற மொட்டுகளில் நிறம் தெரியும் செடியே நல்லது. இலைகள் மிகக் கொழுத்துக் கரும்பச்சையாக இருந்தால், கடைசி வாரம் வரை தழைச்சத்தைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அத்தகைய செடியின் பூக்கள், குறிப்பாகச் சாமந்தியில், அதிக நாள் நிற்பதில்லை. விற்பனைக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே உரத்தைக் குறைத்துவிட்டார்களா என்று நர்சரியில் தயங்காமல் கேளுங்கள்.