சுவிஸில் வாக்கெடுப்பு உறை வீட்டுக்கு வரும்போது

தங்கச்சி, உங்கள் கேள்வியை ஆறுதலாக வாசித்தேன். கலியாணம் முடித்து பேர்ணுக்கு வந்து இன்னும் ஒரு வருடமாகவில்லை. கணவரின் பெயருக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் ஒரு தடித்த உறை வருகிறது. அவர் அதைப் பிரிக்காமலே பழைய பேப்பர் கட்டுக்குள் வைத்துவிடுகிறார், கேட்டால் "இது சுவிஸ்காரரின் அலுவல்" என்கிறார். ஓய்வூதியம், போர் விமானம், வரி என்று இவ்வளவு பெரிய விஷயங்களைக் கடையில் நிற்கிறவரும் பஸ் ஓட்டுகிறவரும் எப்படித் தீர்மானிக்கிறார்கள், எல்லாவற்றையும் படித்துவிட்டா போடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில், வாக்கே இல்லாத எனக்கு இதில் என்ன இருக்கிறது என்றும் ஒரு வரி.

அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. உங்களுக்கு இதில் நிறைய இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கணவரின் மனநிலை எனக்குப் புரியும். நம் ஊர் ஆட்களுக்குச் சர்வசன வாக்கெடுப்பு என்றால் ஞாபகம் வருவது 1982 டிசம்பர்தான். 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைத் தேர்தல் வைக்காமலே இன்னும் ஆறு வருடம் நீட்டிக்கலாமா என்று ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு கேட்டது. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாணத்தில் சனம் அள்ளிக் குடத்துக்குப் போட்டது, நாடு முழுவதிலும் விளக்கு வென்றது. அதற்கு முன்னும் பின்னும் இலங்கையில் அப்படி ஒன்று நடக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர் தன் வசதிக்கு ஒருமுறை கேட்டுவிட்டுப் போனதைப் பார்த்த வீட்டில் வளர்ந்தவருக்கு, வருடத்துக்கு நான்கு தடவை ஒரு அரசு கேள்வி அனுப்புவதை நம்புவது கஷ்டம்தான்.

இங்கே கேள்வியைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் அரசு இல்லை. அரசியலமைப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று நினைக்கும் யாரும் 18 மாதத்துக்குள் 100,000 கையொப்பம் சேர்த்தால் நாடே வாக்களிக்க வேண்டும். பாராளுமன்றம் போட்ட சட்டம் பிடிக்கவில்லையா, 100 நாளில் 50,000 கையொப்பம் போதும். சனிக்கிழமை பேரன்பிளாட்ஸ் சந்தைப் பக்கம் போனால் பலகையும் பேனையுமாக நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்வது அதுதான். உங்களிடம் வந்து "சுவிஸ் குடியுரிமை இருக்கிறதா?" என்று கேட்டால் கோபிக்காதீர்கள். இல்லாதவரின் கையொப்பம் செல்லாது. ஆனால் என்ன விஷயம் என்று நீங்கள் கேட்கலாம், அவர்கள் ஆசையாக விளக்குவார்கள். டொச் (ஜெர்மன் மொழி) பேசிப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அடுத்த உறை வந்தால் இருவருமாக அதைப் பிரித்துப் பாருங்கள். வாக்கு நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்னரே வந்துவிடும். உள்ளே வாக்குச்சீட்டு, வாக்குரிமை அட்டை, வாக்குச்சீட்டை மட்டும் வைக்கும் சின்ன உறை, சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம். மாநிலத்துக்கும் ஊருக்கும் தனி வாக்கெடுப்பு இருந்தால் அதற்கான புத்தகங்களும் இருக்கும். சீட்டில் "யா" (ஆம்) அல்லது "நைன்" (இல்லை) என்று கையால் எழுத வேண்டும். அட்டையில் ஒப்பம் வைக்க மறந்தால் வாக்கு செல்லாது, நம் ஆட்களில் பலருக்கு நடக்கும் பிழை இதுதான். தபாலில் போடலாம், ஊர்ச்சபையின் பெட்டியிலும் போடலாம். ஞாயிறு மத்தியானத்தோடு எல்லாம் முடிந்துவிடும், பின்னேரம் முடிவு வந்துவிடும்.

சரி, எப்படித் தீர்மானிக்கிறார்கள்? நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே ஒன்பது மணிக் கோப்பி இடைவேளையில் கேட்டதை வைத்துத்தான் சொல்ல முடியும். எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போடுகிறவர் மிகச் சிலர். பாதிப் பேர் வாக்களிப்பதே இல்லை என்ற தடவைகளும் அதிகம். ஆனால் ஒவ்வொரு முறையும் விலகி நிற்பது அதே பாதி அல்ல. தன்னைத் தொடும் விஷயம் வந்தால் தூங்கிக்கொண்டிருந்தவரும் எழும்பி வருவார். ஷாஃப்ஹவுசன் மாநிலத்தில் மட்டும் காரணமில்லாமல் வாக்களிக்காவிட்டால் ஆறு பிராங் தண்டம்.

வாக்களிப்பவர்களில் பலர் முதலில் பார்ப்பது யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைத்தான். தொழிற்சங்கம் என்ன சொல்கிறது, விவசாயிகள் சங்கம் என்ன சொல்கிறது, தன் கட்சி என்ன சொல்கிறது. அப்புறம் தான் நம்பும் ஒருவரிடம் கேட்பார்கள். எங்கள் சமையலறையில் அது சலவைப் பகுதியில் வேலை செய்யும் எமென்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு பெண். அவர் சிவப்புப் புத்தகத்தைப் பின்னாலிருந்து வாசிப்பார், சட்டத்தில் மாறப்போகும் வரிகளை முதலில் பார்த்துவிட்டுத்தான் இரண்டு பக்கத்து வாதங்களுக்கும் வருவார். பென்சிலால் கோடு போட்ட அந்தப் புத்தகம் மேசையில் கிடக்கும். கோப்பி எடுக்க வருகிறவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு இந்த நாட்டு அரசியல் புரியத் தொடங்கியது அந்தக் கோடுகளிலிருந்துதான்.

சந்தேகம் தீராவிட்டால் இங்கே சனம் "நைன்" எழுதும். இருப்பதைக் கெடுக்காமல் விடுவோம் என்ற குணம். 1891 முதல் கையொப்பம் சேர்த்து வந்த கோரிக்கைகளில் வென்றது ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். 2012இல் எல்லாத் தொழிலாளருக்கும் வருடத்துக்கு ஆறு வாரம் விடுமுறை வேண்டுமா என்று கேட்டார்கள். ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம் என்றது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களும்தான். சின்னக் கடைகளும் பட்டறைகளும் தாங்காது, அதே வேலையைக் குறைந்த நாளில் நம் முதுகிலேயே ஏற்றுவார்கள் என்று எங்கள் இடைவேளையிலும் பேச்சு நடந்தது.

அதனால் அவர்கள் தங்கள் சட்டைப்பையைப் பார்ப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் பெண்களின் ஓய்வு வயதை 64இலிருந்து 65 ஆக்கும் வாக்கெடுப்பு 50.5 சதவீதத்தில் வென்றது. ஆண்களில் பெரும்பாலோர் ஆம், பெண்களில் பெரும்பாலோர் இல்லை. அடுத்த நாள் எங்கள் சமையலறையில் பாத்திரச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. முழங்கால் தேய்ந்துபோய் அறுபதைத் தாண்டி நிற்கும் பெண்கள் அவர்கள். பிறகு 2024 மார்ச் 3ஆம் தேதி, ஆஹாஃபௌ என்று எல்லோரும் சொல்லும் முதியோர் ஓய்வூதியத்துக்குப் பதின்மூன்றாவது மாதப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி. அரசும் பாராளுமன்றமும் வேண்டாம் என்றன. சனம் 58 சதவீதத்தால் வேண்டும் என்றது. வழக்கமாகத் தொழிற்சங்கம் சொல்வதற்கு எதிராகவே போடும் எங்கள் கட்டடப் பராமரிப்பாளர் அந்தத் தடவை "யா" எழுதினார். தாயாரின் வாடகையும் காப்புறுதிக் கட்டணமும் கூடிக்கொண்டு போவதைத் தினம் பார்த்தவர். ஒருவரின் கட்சியைத் தெரிந்துகொண்டால் வாக்கும் தெரிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது என்பதை அவரைப் பார்த்து அறிந்தேன்.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று உங்கள் கணவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். 2014 பெப்ரவரியில் குடிவரவைக் கட்டுப்படுத்தும் கோரிக்கை 50.3 சதவீதத்தில் வென்றது. நாடு முழுவதும் வித்தியாசம் 20,000க்கும் குறைவு. 2020இல் போர் விமானம் வாங்கும் தீர்மானம் 9,000க்கும் குறைந்த வாக்குகளால் தப்பியது. குடியுரிமை எடுத்துவிட்டு உறையைப் பிரிக்காத நம் வீடுகளை நான் அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சிவப்புப் புத்தகத்தில் அரசு சொல்வதையும் அப்படியே விழுங்க வேண்டாம். 2016இல் திருமணமானவர்களின் வரிச்சுமை பற்றிய வாக்கெடுப்பு 50.8 சதவீதம் இல்லை என்று தோற்றது. இருவரும் சம்பாதிக்கும் சோடிகளில் 80,000 பேர்தான் பாதிக்கப்படுகிறார்கள் என்று அரசு சொல்லியிருந்தது. உண்மையில் அது 454,000 சோடிகள். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பையே ரத்துச் செய்தது, நாடளாவிய வாக்கெடுப்பு ஒன்று அப்படி ரத்தானது அதுவே முதல் தடவை. வாக்களிப்பவர் பிழைவிட்டதாக யாரும் சொல்லவில்லை, கொடுத்த தகவல் பிழை என்றார்கள். இதை நான் மதிக்கிறேன்.

இனி எனக்கு நோகும் இடத்துக்கு வருகிறேன். 2009 நவம்பரில் பள்ளிவாசல் கோபுரங்களான மினாரெட்களைத் தடை செய்யும் கோரிக்கை 57.5 சதவீதத்தில் வென்றது. நாடு முழுவதிலும் அப்போது இருந்ததே நான்கு மினாரெட்கள். கருத்துக்கணிப்புகள் தோற்கும் என்று சொல்லியிருந்தன. நம் ஆட்களில் சிலர் "அது முஸ்லிம்களின் பிரச்சினை" என்று சொன்னதைக் காதால் கேட்டேன். நமக்கும் இந்த நாட்டில் கோவில் இருக்கிறது, கோபுரம் கட்டும் ஆசை இருக்கிறது. ஒரு சிறுபான்மையின் கோபுரத்தை எண்ணிக்கையால் தடுக்கலாம் என்றால் அடுத்தது யாருடையது என்று அந்த ஞாயிறு பின்னேரம் எனக்குப் பயமாக இருந்தது. சனம் தீர்மானிப்பது எப்போதும் நியாயமாக இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

லுசேர்ன் மாநிலத்து எம்மென் ஊரில் 2000ஆம் ஆண்டு குடியுரிமை கேட்டவர்களின் விவரத்தை வீடு வீடாக அனுப்பி ஊராரே வாக்களித்தார்கள். 56 பேரில் இத்தாலியர் எட்டுப் பேருக்கு மட்டும் கிடைத்தது, பால்கன் நாட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2003இல் உச்ச நீதிமன்றம் அந்த முறை அரசியலமைப்புக்கு முரண் என்றது. அதைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று 2008இல் நாட்டைக் கேட்டபோது ஏறத்தாழ 64 சதவீதம் வேண்டாம் என்றது. இடையில் மனங்களை அசைத்தது வாக்குச்சீட்டு அல்ல, பேச்சு. தொலைக்காட்சியில் முகம் காட்டிப் பேசிய அந்த விண்ணப்பதாரர்கள், அவர்களோடு வேலை செய்தவர்கள், பிள்ளைகளின் ஆசிரியர்கள் என்று பலர் பேசினார்கள். அந்த விண்ணப்பதாரர்கள் ஒருவருக்கும் வாக்கு இருக்கவில்லை.

இந்த நாட்டுப் பெண்களின் கதையும் இதுவே. அவர்களுக்கு வாக்குக் கொடுக்கலாமா என்று 1959இல் ஆண்களைக் கேட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கு இல்லை. 1971 பெப்ரவரி 7ஆம் தேதி திரும்பக் கேட்டபோது ஏறத்தாழ அதே அளவு ஆம். அப்பன்செல் இன்னர்ரோடன் மாநில ஆண்கள் 1990 ஏப்ரலில்கூட மறுத்தார்கள். அதே வருடம் நவம்பரில் நீதிமன்றம்தான் தீர்த்து வைத்தது. எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டியிடம், 1959க்கும் 1971க்கும் இடையிலான அந்தப் பன்னிரண்டு வருடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் கணவரின் உறையை அவரே பிரிப்பாராம். வாசித்துவிட்டு இராச்சாப்பாட்டில் கேள்வி கேட்பாராம். கணவருக்குப் பதில் தெரியாத இடத்தில் விடமாட்டாராம். "எழுதியது அவருடைய கை, ஆனால் யோசித்தது இருவரும்" என்றார். 1971இல் கணவர் எப்படி எழுதினார் என்று நான் கேட்கவில்லை, அவர் முகமே சொல்லியது.

ஆகவே தங்கச்சி, உறையை நீங்கள் பிரியுங்கள். அவருக்காக நீங்கள் எழுத வேண்டாம், ஒப்பமும் வைக்க வேண்டாம், அது குற்றம். நம் வீடுகளில் ஒருவரே எல்லோருடைய சீட்டையும் நிரப்பும் பழக்கமும் கூடாது. வாசித்துக் கேள்வி கேளுங்கள். முழுப் புத்தகமும் வேண்டாம், ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள், உங்கள் வேலையையோ வாடகையையோ நாளை பிறக்கும் பிள்ளையையோ தொடுவதை. அதை எதிர்ப்பவர்களின் பக்கத்தை முதலில் வாசியுங்கள், பிறகு ஆதரிப்பவர்களின் பக்கம். வெள்ளிக்கிழமை இரவு அரச தொலைக்காட்சியில் இரு தரப்பும் நின்று வாதாடும் 'அரேனா' நிகழ்ச்சி போகும். சுவிஸ் டொச் முதலில் பிடிபடாது, சத்தம் போடும் இடங்களை வைத்தே பாதி புரிந்துவிடும். வேலையிடத்தில் ஒருவரிடம் "நீங்கள் எப்படிப் போடுவீர்கள்?" என்று நேரடியாகக் கேட்காதீர்கள், சிலருக்கு அது பிடிக்காது. "இதை எனக்கு விளங்கப்படுத்துவீர்களா?" என்று கேளுங்கள், பிறகு அவரே சொல்வார். நீங்களும் உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள்.

நொய்சாத்தெல், யூரா மாநிலங்களில் நீண்டகாலம் இருக்கும் வெளிநாட்டவர் மாநில அளவில் வாக்களிக்கலாம். பேர்ணில் இல்லை. கணவர் கலியாணத்துக்கு முன்னரே சுவிஸ் குடியுரிமை எடுத்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் கலியாணமாகி மூன்று வருடமும் இங்கே வாழ்ந்து ஐந்து வருடமும் ஆனதும் நீங்கள் இலகு முறையில் விண்ணப்பிக்கலாம். மொழியில் பேச்சுக்கு பே ஐன்ஸ் (B1), எழுத்துக்கு ஆ ஸ்வை (A2) மட்டம் கேட்பார்கள். வகுப்பை இப்போதே தொடங்குங்கள். அடுத்த சிவப்புப் புத்தகத்தில் விளங்காத பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள், சேர்ந்து வாசிப்போம்.