பதில்: காதல் திரைக்கதைச் சுருக்கத்தைச் செதுக்குவது பற்றி

வணக்கம். நாகூர் சலீமும் வேளாங்கண்ணி ஸ்டெல்லாவும் குடும்ப எதிர்ப்பை மீறி இணைவதாக நீங்கள் எழுதிய ஒரு பக்கச் சுருக்கம் ஏன் எடுபடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எதிர்ப்பு என்று பொதுவாகச் சொன்னால் படிப்பவருக்குக் காட்சி எதுவும் தோன்றாது. சலீமின் அக்கா பதிவு அலுவலகத்தில் எழுத்தர் என்று கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, கதை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மதம் மாறாமல் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க விரும்புவோர் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதன் நகல் அலுவலகத்தில் பலர் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டு, 30 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது செல்லாது. வயதுக் குறைவு, முந்தைய திருமணம் போன்ற காரணங்களே செல்லும் என்பதால், பொய் ஆட்சேபம் எழுதத் துணிபவர் யார் என்ற கேள்வியும் கூடவே கிடைக்கிறது.

எனவே இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “தம்பியின் திருமண அறிவிப்பைத் தன் கையாலேயே பசை தடவி ஒட்ட நேரும் எழுத்தர், அதை வீட்டில் சொல்வதா மறைப்பதா என்று 30 நாட்கள் தவிக்கிறார்.”

இதில் காதலர்கள் பின்னுக்குப் போய்விடும் அபாயம் உண்டு. ஸ்டெல்லா எதை இழக்கத் துணிகிறாள் என்பது உங்கள் சுருக்கத்தில் எங்குமே இல்லை. அடுத்த வரி அவளுடையதாக இருக்கட்டும். பாடல் வரும் இடங்களை நீக்கிவிட்டு, முடிவை மறைக்காமல் எழுதி அனுப்புங்கள்.